தெருமுனையில் நான் தட்டிய இரண்டு தட்டு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆயாக்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று ஹெச்.எம். மேடம் கேட்டார். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குக் கை கழுவி விடுவது, டிபன் பாக்ஸ் திறந்து கொடுப்பது, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் நீங்கள் பத்து நாளில் பழகிவிடுவீர்கள். அதற்கு நான் வேண்டாம். நான் எழுதுவது நம் தெருமுனையைப் பற்றி. காலையும் சாயந்திரமும் பிள்ளைகளைத் தெரு தாண்ட வைக்கும் வேலையில் பதினொரு வருடம் அங்கே நின்றிருக்கிறேன். வேறு எது தெரியாவிட்டாலும் அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பும் அங்கேதான் நடந்தது. அதையும் எழுதுகிறேன்.

செம்பாக்கத்தில் நம் பள்ளித் தெரு வேளச்சேரி மெயின் ரோட்டில் வந்து சேரும் இடம் உங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பும் வேன் நிற்கும் இடமும் தெருவின் இந்தப் பக்கம். பள்ளி அந்தப் பக்கம். நடுவில் தெருவின் வாய் மட்டும்தான். பதினைந்து தப்படி இருக்கும். மெயின் ரோட்டையே தாண்டுவதில்லை, இதற்கு ஒரு ஆளா என்று சில பெற்றோர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நேராக வருகிற வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். திரும்புகிற வண்டி அப்படி இல்லை. அது மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வரும். நம் தெருவாயில் வருவது எல்லாமே திரும்புகிற வண்டிதான்.

என்னை அங்கே நிறுத்தின அன்று, "டிரைவர் கண்ணைப் பாத்து கை காட்டுங்க ஆயாம்மா" என்று சொன்னார்கள். முன்பின் தெரியாத ஆண்களை முகத்துக்கு நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம். கையைத் தூக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். குனிந்தால் கண்ணில் படுவது சக்கரம். ஒரு மாதம் சக்கரத்தையே பார்த்தேன். அப்புறம் புரிந்தது, முகத்தைப் பார்த்திருந்தால்தான் ஏமாந்திருப்பேன் என்று. மெயின் ரோட்டிலிருந்து ஒரு கார் நம் தெருவுக்குள் வரப்போகிறது என்றால், வண்டி திரும்புவதற்கு முன்னாலேயே முன்சக்கரம் கொஞ்சம் சாயும். ஒரு விரல் அகலம்தான் சாயும். அதைப் பார்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம் கிடைக்கும். பிள்ளையைப் பிடித்து நிறுத்த அது போதும்.

இண்டிகேட்டரை நம்பாதீர்கள். மேடவாக்கத்தில் போட்டது இங்கே வரைக்கும் மினுக்கிக்கொண்டே வரும். போடாதவர் நேராகப் போவார் என்றும் நினைக்காதீர்கள். பைக்கில் வருகிறவர் என்றால் சக்கரத்தைவிடத் தோளைப் பாருங்கள், திரும்புகிற பக்கம் தோள் இறங்கும். ஷேர் ஆட்டோ என்றால் ஆட்டோவைப் பார்த்துப் பயனில்லை. ஓரத்தில் நிற்கிற ஜனங்களைப் பாருங்கள். யாராவது கையைத் தூக்கினால் அந்த ஆட்டோ அவர்கள் காலடிக்கே வந்துவிடும், நடுவில் நீங்கள் நின்றாலும். பஸ் திரும்பினால் முன்சக்கரம் தாண்டிப் போய்விட்டது என்று காலை வைக்காதீர்கள். பின்சக்கரம் அதே தடத்தில் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு, நீங்கள் நிற்கும் ஓரத்தை ஒட்டி வரும்.

இதெல்லாம் நானே பார்த்துப் பழகினது. ஒரு விஷயம் மட்டும் இன்னொருவர் காட்டிக்கொடுத்தது. தெருமுனைக்கு வருவதற்கு முன்னால் நான் ஆறு வருடம் வேன் ஆயாவாக இருந்தேன். அந்த வேனை ஓட்டினவர் கையில் எப்போதும் வெற்றிலை வைத்திருப்பார், வாயைத் திறந்தால் கிண்டல்தான். ஒரு நாள் மதியம் வேன் பள்ளிக்குள் நிற்கும்போது என்னைக் கூப்பிட்டு, "ஏறி ஸ்டீரிங் சீட்ல குந்துக்கா" என்றார்.

"எனக்கெதுக்குப்பா அதெல்லாம்?"

"சாவி என் கையில கீது. நீ இன்னா மெரினாவுக்கா ஓட்டிக்கினு போவப் போற? குந்து."

ஏறி உட்கார்ந்தேன். அவர் நாலு எல்.கே.ஜி. பிள்ளைகளைக் கூப்பிட்டு வேனின் மூக்குக்குக் கீழே நிற்க வைத்துப் பாட்டுப் பாடச் சொன்னார். பாட்டு நன்றாகக் கேட்டது. ஒரு தலைகூடத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. பாட்டு மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. 

"இப்ப லெப்ட்ல திரும்பணும்னு வெச்சிக்க. எந்தப் பக்கம் பாப்ப?" என்று கேட்டார்.

இடது பக்கம் தலையைத் திருப்பினேன்.

"போச்சு போ. ரைட்லேர்ந்து வர்ற பஸ்ஸு உன்னைத் தூக்கிக்கினு தாம்பரம் போயிடும். லெப்ட்ல திரும்புறவன் ரைட்லதான்க்கா பாப்பான். எவன் வரான், எப்ப கேப் கெடைக்கும்னு அவன் தலை பூரா ரைட்லதான் இருக்கும். நீ லெப்டாண்ட நின்னுக்கினு, நம்மள பாத்துட்டான்னு நெனச்சிக்கினு கால வெப்ப. அவன் உன்னைப் பாத்தே இருக்க மாட்டான்."

அன்று முதல், ஒரு வண்டி தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏற நின்றால், அதற்கு நான் இருப்பதே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். காலையில் நாம் பிள்ளைகளோடு வருவது அந்த வண்டியின் இடது பக்கத்திலிருந்து. நல்லா மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பள்ளி மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. யு.கே.ஜி. பிள்ளைகள் பன்னிரண்டு பேர். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருப்போம், ஆளுக்கு ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவார்கள். முன் முடிச்சைக் கொஞ்சம் வளர்ந்த பெண் ஒருத்தி பிடிப்பாள். நான் தெருவின் நடுவில் நின்றுகொண்டு வரிசையை என்னைத் தாண்டி அனுப்புவேன். அன்று மெயின் ரோட்டில் தாம்பரம் போகும் பக்கம் வண்டிகள் நகராமல் நின்றன. நம் தெருவாயில் ஒரு தண்ணி லாரி, மூக்கை மெயின் ரோட்டில் நீட்டிக்கொண்டு, இடது பக்கம் திரும்பக் காத்துக்கொண்டிருந்தது. அதன் க்ளீனர், தலை நரைத்த ஆள், இறங்கி மெயின் ரோட்டில் போய் வலது பக்கத்து வண்டிகளுக்குக் கை காட்டி இடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரிக்குப் பின்னால் சுற்றிப் போகலாம் என்றால் அங்கே பைக்குகள் இடுக்கில் நுழைந்துகொண்டிருந்தன. லாரி எப்படியும் இப்போது நகராது, முன்னாலேயே போய்விடலாம் என்று நினைத்தேன். அதன் முன்சக்கரம் இடது பக்கம் முழுக்கத் திரும்பியிருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், மணி அடிக்கப்போகிறதே என்ற அவசரத்தில் அதை ஒதுக்கிவிட்டேன். முதல் தப்பு அதுதான்.

எட்டுப் பிள்ளைகள் தாண்டிவிட்டார்கள். நாலு பேர் லாரியின் மூக்குக்குக் கீழே இருந்தார்கள். நான் லாரியின் இடது கதவை ஒட்டி நின்றேன். அப்போது இன்ஜின் உறுமுகிற சத்தம் மாறியது. டிரைவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. கையால் கதவைத் தட்டினேன்.

தட்டினதும் லாரி கிளம்பிவிட்டது.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன் பாருங்கள், என் உடம்பில் அவ்வளவு பலம் இருந்தது அன்றுதான் எனக்கே தெரியும். மூன்று பிள்ளைகள் என் மேல் வந்து விழுந்தார்கள். யாழினி என்ற பெண் மட்டும் கையை ஊன்றித் தரையில் விழுந்தாள். சக்கரம் கயிற்றின் மேல் ஏறி நின்றது. ஜனங்கள் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டிருந்தார். யாழினியின் கால் செருப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் கை அளவுதான் இடம் இருந்தது.

அடுத்த நிமிடமே டிரைவரைக் கீழே இழுத்துவிட்டார்கள். யார் யாரோ அடித்தார்கள்.

"கண்ணு இன்னா பொடனிலயாடா கீது? கொயந்தைங்க போறது தெரில?"

"தட்னாங்க சார்! சத்தியமா தட்னாங்க. அதான் எடுத்தேன்."

"யார்ரா தட்னது? உன் க்ளீனர் அங்க ரோட்ல நின்னுக்கினு கீறான். ஆவியா வந்து தட்டிச்சு?"

டிரைவர் க்ளீனரைப் பார்த்தார். க்ளீனர், "நான் தட்டலண்ணா. நான் அங்கத்தான நின்னுக்கினு இருந்தேன்" என்றார். அதைக் கேட்டதும் அந்த டிரைவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கூட இருந்தவனே கைவிட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார். பிறகு கையைக்கூடத் தூக்காமல் அடி வாங்கினார்.

நான் மற்றப் பிள்ளைகளை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, யாழினியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வந்தது. அழுது முடித்துவிட்டு, விக்கிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆயாம்மா, லாரிய ஏன் போகச் சொன்னீங்க?"

"நான் எங்கம்மா போகச் சொன்னேன்?"

"ரெண்டு வாட்டி தட்டினீங்களே. வேன்ல அப்படித்தானே தட்டுவாங்க. ரெண்டு வாட்டி தட்டினா ரைட்டு போலாம்."

உள்ளங்கையைப் பார்த்தேன், லாரியின் சேறு ஒட்டியிருந்தது. உங்களில் வேன் ஆயாவாக இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாப் பிள்ளைகளும் ஏறியாயிற்று, கதவு சாத்தியாயிற்று என்றால் வேன் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டுவோம். அதற்குப் போகலாம் என்று அர்த்தம். ஒரே ஒரு தட்டு என்றால் நில். லாரிக்கும் அதே கணக்குதான். க்ளீனர் உட்காருவதும் இடது பக்கம்தான். ஆறு வருடம் இரண்டு தட்டு தட்டிப் பழகின கை என்னுடையது. நில் என்று நான் நினைத்தேன். என் கை போ என்று சொல்லிவிட்டது. அந்த டிரைவர் தலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவில் க்ளீனர் கண்ணில் படாததால் அவர்தான் வந்து இடது பக்கம் தட்டுகிறார் என்று நினைத்து வண்டியை எடுத்திருக்கிறார். அவர் சொன்னது உண்மை.

மாவுக்கட்டுப் போட்டார்கள். நாவலூரில் ஆபீஸ் போயிருந்த யாழினியின் அம்மா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா என் பொண்ணு இல்ல ஆயாம்மா" என்று அழுதார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஜனங்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் என்னை ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். யாழினியின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு போலீஸ் ஏட்டு மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக டிரைவரும் க்ளீனரும் நின்றார்கள். டிரைவருக்கு உதடு கிழிந்து, சட்டைப் பட்டன் இரண்டு அறுந்திருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை.

ஏட்டு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதுல ஒரு கையெழுத்து போடும்மா. எல்லாம் எழுதிட்டேன்."

நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். எல்லோரும் காத்திருக்க, விரலை வைத்துப் படித்தேன். லாரி வேகமாகவும் கவனக்குறைவாகவும் வந்து வரிசையில் புகுந்தது என்று எழுதியிருந்தது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் காலை அதே இடத்தில் நிற்கலாம். பிள்ளையைக் காப்பாற்றின ஆயா என்று எல்லோரும் சொல்வார்கள். போடவில்லை என்றால் அந்த இடம் போய்விடும். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பள்ளியில் எனக்கு என்று இருந்தது அந்தத் தெருமுனைதான். மற்ற வேலையை யாரும் செய்வார்கள்.

"வேகமா வரல சார். நின்னுக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "உனக்குச் சாதகமாத்தாம்மா எழுதியிருக்கேன்."

"தட்டினது நான்தான்."

டிரைவர் தலையை நிமிர்த்தினார்.

ஹெச்.எம். மேடத்துக்கு என் மேல் பிரியம். சட்டென்று குறுக்கே வந்தார். "நிறுத்தச் சொல்லித்தானே தட்டினீங்க ஆயாம்மா? பதட்டத்துல எதையாவது சொல்லாதீங்க."

"நிறுத்தணும்னுதான் மேடம் தட்டினேன். ஒண்ணு தட்டணும். ரெண்டு தட்டிட்டேன். ரெண்டுன்னா போகலாம்னு அர்த்தம்."

"நான் சொன்னேன்ல சார்!" டிரைவர் சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார். "காலைலேர்ந்து இதைத்தான சார் சொல்லிக்கினு கீறேன். ஒருத்தன் கேக்கல."

"சும்மா இருய்யா" என்றார் ஏட்டு. "தட்டு கேட்டா எடுத்துடுவியா? முன்னாடி எட்டிப் பாக்க மாட்டியா?" இருந்தாலும் ஏட்டு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல வேறொன்று எழுதினார். தட்டின கதவு எது, எத்தனை பிள்ளைகள் தாண்டினார்கள், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது எல்லாம் கேட்டார். எனக்கு அன்று பேச்சு வந்தது. நானே ஆச்சரியப்பட்டேன். தெருமுனையைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கூச்சம் வரவில்லை.

யாழினியின் அம்மா மெதுவாகச் சொன்னார்: "யாழினி ஆஸ்பத்திரியிலயே சொன்னா, ஆயாம்மாதான் போகச் சொன்னாங்கன்னு. வலியில உளர்றான்னு நெனச்சேன். நான் உங்களைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதேன். அப்ப ஏன் சொல்லல?"

"வாய் வரலம்மா."

"இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க?"

"அவர் மேல போட்டுட்டா, என்ன தப்பு நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். எனக்கு அப்புறம் அங்க நிக்கிற ஆயாவும் ரெண்டு தட்டு தட்டுவா."

அவர் எழுந்தார். "மேடம், இனிமே என் பொண்ணு இவங்ககூட ரோடு தாண்ட மாட்டா. நான் கேட்டுலயே கொண்டுவந்து விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கு ஒரு பெண் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஹெச்.எம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நாளையிலேர்ந்து வாட்ச்மேன் நிக்கட்டும் ஆயாம்மா. விசில் வெச்சிருக்கார். நீங்க எல்.கே.ஜி. கிளாஸைப் பாத்துக்கோங்க" என்றார். சரி என்றேன். ஆனால் அந்த ரூமை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னேன்.

"யாரை வேணா நிறுத்துங்க மேடம். ஆனா மூலையில நிறுத்தாதீங்க. தெருவுக்கு உள்ள ஒரு நாப்பது தப்படி தள்ளித் தாண்ட வையுங்க. அங்க வந்தா வண்டி திரும்பி முடிச்சிருக்கும். வெளிய போறதும் இன்னும் திரும்ப ஆரம்பிச்சிருக்காது. மூலையில நின்னா திரும்புற வண்டி எல்லாத்துக்கும் நடுவுல நிக்கிறோம்."

"இத்தனை வருஷம் மூலையிலதானே தாண்டினாங்க?"

"இத்தனை வருஷமும் தப்புதான் மேடம். பஸ் ஸ்டாப்புக்குக் கிட்டன்னு சோம்பல்பட்டுட்டு அங்கயே தாண்டினோம்."

வெளியே வந்தால் குழாயடியில் டிரைவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ரத்தம் கலந்த தண்ணீர். என் முந்தானையைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. ஆபீஸ் அறையிலிருந்து ஒரு துண்டு வாங்கிவந்து கொடுத்தேன். "என்னால உங்களுக்கு அடி" என்றேன்.

"அடிச்சவனுங்க எல்லாம் போயிட்டானுங்க, பாத்தியாம்மா? நீ ஒருத்திதான் நிக்கிற" என்றார். கோபமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாட்ச்மேன் நாலு நாள் நின்றார். விசில் நன்றாகத்தான் ஊதினார். கேட்டையும் பார்க்க வேண்டும், தெருவையும் பார்க்க வேண்டும் என்பதால் அவருக்கு ஓட்டமாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலை ஹெச்.எம். மேடமே தெருமுனையில் வந்து நின்றார். அரை மணி நேரம் நின்றார். தெருவுக்குள் திரும்பும் வண்டி ஒன்று அவர் புடவையை உரசிக்கொண்டு போனது என்று பிறகு வாட்ச்மேன் சொன்னார். அன்று மதியமே நாற்பது தப்படி தள்ளிச் சாலையில் வெள்ளைக்கோடு போட ஆள் வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க இடத்துக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பப் போன முதல் நாள் தெரு காலியாக இருந்தும் வரிசையை அனுப்பத் தயங்கினேன். மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு நாளில் அது போய்விட்டது. முன்பைவிட நன்றாகவே வேலை செய்தேன் என்றுதான் சொல்வேன். நின்றிருக்கிற வண்டிக்கு முன்னால் பிள்ளைகளை விட்டதே இல்லை. வண்டியைத் தட்டினதே இல்லை. டிரைவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றால் அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போய் நின்றேன். இடது பக்கம் நின்றுகொண்டு அவர் பார்ப்பார் என்று காத்திருப்பதைவிட, நாலு எட்டு நடந்து வலது பக்கம் போவது சுலபம். அப்போது முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்தேன். பழகிவிட்டது. அவசரம் என்றால் மணி அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிள்ளை தாமதமாக வந்தால் டீச்சர் இரண்டு வார்த்தை திட்டுவார். அவ்வளவுதானே.

உங்களுக்கும் தப்பு நடக்கும். நடக்காது என்று சொல்கிற ஆயாவை நான் தெருவுக்கே அனுப்ப மாட்டேன். நடந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நல்லவள் என்று பெயர் எடுப்பதற்காக இல்லை. அடுத்த நாள் அதே இடத்தில் நிற்கப்போவது நீங்களோ, உங்களைப் போல இன்னொருத்தியோதான்.

யாழினியைத் தினமும் அவள் அம்மா ஸ்கூட்டரில் கொண்டுவந்து கேட் வாசலிலேயே இறக்கிவிட்டார். கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவள் எனக்குக் காட்டுவாள். அம்மா என் பக்கம் திரும்பமாட்டார். நானும் போய்ப் பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. ஒரு திங்கட்கிழமை, வரிசை வெள்ளைக்கோட்டருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த ஸ்கூட்டர் மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பியது. கேட்டுக்குப் போகாமல் எங்கள் பக்கத்து ஓரத்திலேயே நின்றது. யாழினி இறங்கி ஓடிவந்து கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இன்ஜினை மட்டும் அணைத்தார்.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு ஆட்டோ, பின்னால் ஒரு வேன். இரண்டையும் போக விட்டேன். தெரு காலியானதும், "வாங்க" என்றேன். மெதுவாகத் தாண்டினோம். கடைசியாக யாழினி அந்தப் பக்கம் ஏறின பிறகுதான், எனக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.